காவல் குடிசையின் ஞானத்தகப்பன்

எதிர்த்து நிற்க ஆளில்லாத காரணத்தால் ஒவ்வொரு தேர்தலிலும் வாகை சூடி வரும் மாவீரரே, யனகொச்சா ஊர்ப் பொதுச்சபையின் தலைவரே, தோன் எவாரிஸ்தோ அவர்களே!

கடல் கடந்த அறக்கட்டளையின் தூதராக லீமா நகரிலிருந்து வந்து, சட்டைமேல் சட்டை, அதன்மேல் பொன்சோ, பொன்சோவின்மேல் போர்வை என உருண்டு திரண்டு வீற்றிருக்கும் எங்கள் அன்புக்குரிய இன்ஜினியர் ரெனாத்தோ அவர்களே! சுவரோரம் சாய்ந்து கோக்கா இலை மெல்லும் பெரியவர்களே! கை கம்பளி நூற்க, வாய் ஊர்க்கதை நூற்க, தரையில் வட்டமிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மனிதர்களைவிட ஒழுங்காகச் சபைக்கு வருகிற நாய்களே! நமக்கெல்லாம் மேலே வெண்பனித் தலைப்பாகை கட்டி வேடிக்கை பார்க்கும் மலைச்சாமியே!

கடைசியாக, ஆனால் நட்டநடு நாற்காலியில், புதுத் தொப்பியோடும் புன்சிரிப்போடும் அமர்ந்திருக்கும் வள்ளலே, தோன் கசிமீரோ அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மெலித்தோனின் நடுங்கும் வணக்கம்.

நடுங்கும் என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மேடை ஆடுகிறதே என்று இதைக் கட்டிய தச்சர் கவலைப்பட வேண்டாம். மேடை மலைபோல் நிற்கிறது. ஆடுவது என் முழங்கால். இந்த ஆட்டத்தைப் பக்கத்து மாகாணத்தில் நிலநடுக்கம் என்று நினைத்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்கள்.

என்னை எதற்கு மேடையேற்றினார்கள்? சுருக்கமாகச் சொல்கிறேன். என் சுருக்கம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். நம் மேட்டுவெளியில் மேயும் விக்குன்யா மந்தையைக் காக்க, அறக்கட்டளை மீண்டும் உதவித்தொகை தர முன்வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. காவலர்களுக்கு ஒரு தலைவரை இந்தச் சபை கைதூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சுமையைத் தாமே சுமப்பதாகவும், காவலுக்குத் தம் ஆட்களையே தம் லாரியிலேயே ஏற்றி அனுப்புவதாகவும் தோன் கசிமீரோ பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார். அவரைப் புகழ்ந்து பேச ஊரில் பெரிய வாயாக ஒரு வாய் தேவைப்பட்டது. தேடினார்கள். மூக்குக்குக் கீழே முழுக்க வாயாகவே இருக்கும் அடியேனைக் கண்டுபிடித்தார்கள்.

புகழ்கிறேன். இந்த ஊரில் அவர் ஞானத்தகப்பனாக நிற்காத பொருள் ஒன்று உண்டா? பள்ளிக்கூடக் கூரைக்கு யார் ஞானத்தகப்பன்? கசிமீரோ! கால்பந்துக் குழுவின் சட்டைக்கு? கசிமீரோ! அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோற்ற தோல்விகளுக்கு? அவையும் அவருடைய ஞானப்பிள்ளைகளே! தலைவர் எவாரிஸ்தோவின் புதுக் கழிப்பறையை ஒயின் பாட்டில் உடைத்துத் திறந்துவைத்தவர் யார்? இதோ, என் வாயில் மின்னுகிறதே இந்தப் பல்வரிசை, இதற்கும் அவர்தான் ஞானத்தகப்பன். இதைக் கட்டிக்கொண்ட அன்று வாத்தியக்குழு வைத்து வாசித்தார்கள். நம்மில் யார் வீட்டுப் பிள்ளைக்கு அவர் ஞானத்தகப்பனாகி, நமக்குக் கொம்பாத்ரே ஆகவில்லை? கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கட்டியவளோடு சண்டை போடலாம், நம் பிள்ளையின் தலையில் தீர்த்தம் ஊற்றிய கொம்பாத்ரேயோடு சண்டை போட முடியுமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் பாருங்கள். வாய் சிரிக்கிறது, கண் தரையைப் பார்க்கிறது. ஏன்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

உதவித்தொகை வருவதற்குமுன் நாம் எப்படி இருந்தோம்? விக்குன்யாவைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டுக் கொடியின் சின்னத்தில்தான் பார்க்க வேண்டும். மலைச்சாமியின் சொந்த மந்தை, மூச்சுக்காற்றைவிட மெல்லிய ரோமம் கொண்ட அந்தத் தங்கப் பிராணி, துப்பாக்கிக்காரர்களின் தோல்மூட்டையாகிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது வந்தார் இன்ஜினியர். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். என்ன கேட்டோம் நாம்? ஒருவர் தேவாலயத்துக்கு மணி கேட்டார். ஒருவர் இடுப்புவலிக்குத் தைலம் கேட்டார். என் மைத்துனன் நிக்கானோர், "எனக்கு வேற பொண்டாட்டி கிடைக்குமா சார்?" என்று கேட்டான். அவளோ அவனுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவனும் தைலம் கேட்டான்.

ஆனாலும் வந்தது ஐயா, உதவி வந்தது! கணவாயின்மேல் கல்லால் ஒரு காவல் குடிசை. ரேடியோ, மோட்டார் சைக்கிள், தூரம் பார்க்கும் கண்ணாடி. காவலர்களுக்குத் தடித்த பூட்ஸ், நெற்றியில் விக்குன்யா படம் தைத்த பச்சைத் தொப்பி. மந்தை பெருகியது. எப்படிப் பெருகியது? நான் தும்மினால் ஒரு விக்குன்யா மேலாவது படாமல் தும்ம முடியாது என்னும் அளவுக்குப் பெருகியது!

காவலர்களில் ஒருத்தி என் தங்கை பசீலியாவின் மகள் எர்மெலிந்தா. முதல் நாள் அவள் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது நான்தான் வம்பிழுத்தேன். "ஏம்மா, மலையே கதின்னு திரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்?" என்றேன். அவள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "கட்டுறவன் கணவாய் வரைக்கும் ஏறி வரட்டும் மாமா. மூச்சு வாங்காம வந்தான்னா யோசிக்கிறேன்" என்றாள். இதுவரை ஒருத்தனும் வந்து சேரவில்லை. பாதி வழியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள்.

இப்போது கதை இருட்டுப் பக்கம் திரும்புகிறது. தாய்மார்களே, நூற்கும் கதிரை மடியில் வையுங்கள்.

கல்லும் கூரையும் இருந்தால் மட்டும் நம் ஊரில் அது குடிசை ஆகிவிடுமா? ஞானத்தகப்பன் வேண்டாமா? இன்ஜினியர் அப்பாவி. "காவல் குடிசைக்கு எதுக்குங்க ஞானத்தகப்பன்?" என்றார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். படித்தவர், பாவம், விவரம் தெரியவில்லை என்றோம். ஒரே குரலில் தோன் கசிமீரோவை அழைத்தோம். வந்தார்! எப்பேர்ப்பட்ட வாத்தியக்குழுவோடு வந்தார்! முன்னால் ஊதியவன் கணவாயில் ஊத, பின்னால் முரசடித்தவன் இன்னும் பள்ளத்தாக்கிலேயே அடித்துக்கொண்டிருந்தான். பீர் ஏரியாகத் தேங்கியது. வாத்துகள் வந்து இறங்கப் பார்த்தன.

பாட்டில் உடைந்தது. அடுத்து நம் வழக்கம் என்ன? பிள்ளையைத் துணி நீக்கித் தலை முதல் கால் வரை ஞானத்தகப்பனுக்குக் காட்டுவது போல, பொருளையும் ஒளிவுமறைவின்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஞானத்தகப்பனிடம் மறைத்தால் பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே காட்டினோம். காலையில் காவலர் எந்த மேட்டுக்குப் போவார், மாலையில் எந்தச் சரிவில் இறங்குவார், காட்டினோம். எந்தப் பள்ளத்தில் ரேடியோ எடுக்காது, காட்டினோம். பெட்ரோல் வாங்க வண்டி என்றைக்குக் கீழே இறங்கும், அன்றைக்கு மேலே யாருமே இருக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னோம். அவர் கேட்கக்கூட இல்லை ஐயா! ஒருவர் சொல்ல மறந்ததை இன்னொருவர் ஓடிவந்து சொன்னோம்! முந்திக்கொண்டு சொன்னோம்! மூச்சிரைக்கச் சொன்னோம்!

பிறகு?

பிறகு, அன்பர்களே, மலை ஊமையானது. முதல் பிணங்கள் எங்கே கிடந்தன? ரேடியோ எடுக்காத பள்ளத்தில். எந்த நாளில் விழுந்தன? பெட்ரோல் நாளில். தோல் உரித்து எறிந்த தாய்களைச் சுற்றிக் குட்டிகள் நின்றுகொண்டிருந்தன. பால் தேடி முட்டிக்கொண்டு நின்றன. நான் கேட்கிறேன், பெட்ரோல் நாள் நரிக்குத் தெரியுமா? ரேடியோ எடுக்காத பள்ளம் பருந்துக்குத் தெரியுமா? யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரியும். நாம் சொன்னவருக்குத் தெரியும்.

தெரிந்தும் பேசினோமா? பேசவில்லை. பயம் விருந்தாளி மாதிரி வீட்டுக்குள் வந்தது. அடுப்போரம் இடம்பிடித்தது. சூப்பில் பெரிய கிழங்காகப் பார்த்து அதுவே எடுத்துக்கொண்டது. நாம் கோக்காவை மென்றோம், அது நம்மை மென்றது. முன்பெல்லாம் லாரிச் சத்தம் கேட்டால் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று வாசலுக்கு வருவோம். இப்போது நாயை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ் போடுகிறோம்.

எவாரிஸ்தோ, என் பொன்சோவைப் பிடித்து இழுக்காதே. அடியில் கால்சட்டை கிழிந்திருக்கிறது. தாய்மார்கள் இருக்கிறார்கள்.

போன பெட்ரோல் நாளில் எர்மெலிந்தா வண்டியோடு கீழே போகவில்லை. நடந்து அந்தப் பள்ளத்துக்குப் போனாள். பாறை மறைவில் ஒரு லாரி. படுதா விலகியிருந்தது. உள்ளே தோல்கள், கடையில் போர்வை அடுக்குவது போல மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் தொப்பி அங்கேயே விழுந்துவிட்டது.

தொப்பி திரும்பி வந்தது. எப்படி வந்தது என்று சொல்லட்டுமா? ஒரு விடியலில் பசீலியா கதவைத் திறந்தாள். பிறந்த ஈரம் காயாத ஒரு விக்குன்யாக் குட்டியைக் கழுத்தில் கயிறு போட்டுக் கதவு நிலையில் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் தலையில் அந்தப் பச்சைத் தொப்பி.

நான் போனபோது என் தங்கை பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். 

"என்னடி இது?" என்றேன்.

"சத்தம் போடாதேண்ணே. நாய் ஏதாச்சும் இழுத்துட்டு வந்திருக்கும்."

"நாய் தொப்பியும் போட்டு விடுமா?"

அவள் பெருக்கினாள். எர்மெலிந்தா உள்ளேயிருந்து வந்தாள். "மாமா, நான் அரெகிப்பா டவுனுக்குப் போறேன். துணிக்கடையில வேலை இருக்காம்" என்றாள்.

"பயமா இருக்கா மகளே?"

"எனக்குப் பயம்னுகூடச் சொல்ல முடியல. அம்மாவைத்தான் பாக்க முடியல மாமா. வண்டிச் சத்தம் கேட்டாலே விளக்கை ஊதிடுறா. இருட்டுல என் கையைத் தடவித் தடவிப் பாக்குறா, இருக்கேனான்னு."

யார் அது, பின்னால், "லாரி யாருதுன்னு சொல்லுங்க மாமா" என்று கேட்டது? கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாயே அப்பா! சொல்கிறேன். அந்த லாரியின் நெற்றியில் 'கடவுளே துணை' என்று சிவப்பில் எழுதியிருந்ததாம். இந்த வட்டாரத்தில் கடவுள் ஒரே ஒரு லாரிக்குத்தான் துணை. திரும்பிப் பார்க்காதீர்கள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்த்துவிட்டீர்களா? சரி, பார்த்தது பார்த்ததுதான். அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பொரிசோளம் தின்றுகொண்டிருந்த மனிதர் இப்போது என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் தந்த பல்லால் அவரையே கடிக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

என்ன சொல்கிறீர்கள் தோன் கசிமீரோ? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். "கொம்பாத்ரே, குடிச்சிருக்கீங்களா?" என்கிறார். இல்லை கொம்பாத்ரே. குடித்திருந்தால் இப்படி உதறுமா? இன்றைக்குப் பார்த்துக் குடிக்காமல் வந்துவிட்டேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

இன்ஜினியரும் எழுந்துவிட்டார். முகம் பனியைவிட வெளுத்துவிட்டது. "தோன் மெலித்தோன், சபையில தகராறுன்னு தெரிஞ்சா அறக்கட்டளை பயந்து பின்வாங்கிடும்ங்க" என்கிறார். பயப்படட்டுமே! கடல் கடந்து அவர்களும் கொஞ்சம் பயப்படட்டும்! எல்லாப் பயத்தையும் பசீலியா ஒருத்தியின் வீட்டிலேயே இறக்கிவைக்க வேண்டுமா?

இன்ஜினியர், உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பூட்ஸ் அனுப்பினீர்கள், தெய்வம் உங்களை வாழவைக்கும். அந்த பூட்ஸ் நல்ல பூட்ஸ். அதைப் போட்டு ஓடியதால்தான் எங்கள் பெண் உயிரோடு இருக்கிறாள். ஓடுவதற்குக் கொடுத்தீர்கள். நிற்பதற்கு என்ன கொடுத்தீர்கள்? மிருகத்தின் உயிருக்குக் காவல் வைத்தீர்களே, அந்தக் காவல்காரியின் உயிருக்கு யாரைக் காவல் வைத்தீர்கள்? சுட்டவனின் பெயரை அவள் சொன்னால், அன்று இரவு அவள் எந்த வீட்டில் தூங்குவாள் என்று உங்கள் மேசைகளில் யாராவது கேட்டார்களா? போய்ச் சொல்லுங்கள். உதவி வேண்டும். மந்தைக்கும் வேண்டும், மந்தையைக் காக்கிறவளுக்கும் வேண்டும். அவளைச் சுடக் காத்திருப்பவனின் கையில் அந்த உதவியைக் கொடுப்பதாக இருந்தால், எங்களுக்கு அது வேண்டாம். விக்குன்யாக்களும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

"உதவித்தொகை போயிடுமே மாமா" என்று முணுமுணுக்கிறீர்கள். போகலாம். எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்து உங்களை ஏமாற்ற மாட்டேன்.

தலைவர் இப்போது எழுந்து கை தூக்கச் சொல்வார். அதற்குமுன் ஒன்று. நம் மந்தை வளைப்பில் என்ன செய்கிறோம்? ஊர் முழுதும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறோம். கயிற்றில் கலர் ரிப்பன். வேறு என்ன? முள் உண்டா? மின்சாரம் உண்டா? விக்குன்யா நினைத்தால் ஒரே தாவலில் தாண்டிவிடும். ஏன் தாண்டவில்லை? பிடித்த கைகள் விடவில்லை, அதனால்தான். மெல்ல மெல்ல நெருங்கி, ரோமத்தை மட்டும் கத்தரித்து, உயிரை மலைக்கே திருப்பிக் கொடுக்கிறோம்.

ஒரு வருஷம் லீமாவிலிருந்து ஒரு படக்காரர் வந்திருந்தார். என் மைத்துனன் நிக்கானோரின் பக்கம் கேமராவைத் திருப்பினார். நிக்கானோர் என்ன செய்தான்? பல்லைக் காட்டி, கயிற்றை விட்டு, கையைத் தூக்கினான்! ஒரே ஒரு கை! கயிறு தொய்ந்தது. அந்த இடைவெளியில் மொத்த மந்தையும் பாய்ந்தது. அவன் தொப்பியை மிதித்து, அவனையும் மிதித்து, நிற்காமல் பொலிவியா வரைக்கும் ஓடியது. சுங்கக்காரர்கள்கூடத் தடுக்க முடியவில்லை.

இன்றைக்கும் கயிறு பிடித்துத்தான் நிற்கிறோம் அன்பர்களே. இன்றைக்குக் கயிற்றுக்குள்ளே நிற்பது விக்குன்யா இல்லை, எர்மெலிந்தா. அதோ, தேவாலயப் படியில், மூட்டையை அணைத்துக்கொண்டு பேருந்துக்காக உட்கார்ந்திருக்கிறாளே, அவள். தூக்குகிற கை எதுவானாலும் அது கயிற்றை விட்ட கை. அந்த இடைவெளியில்தான் அவளை இழப்போம்.

வீரம் கேட்கிறேனா? என்னிடமே இல்லாததை உங்களிடம் எப்படிக் கேட்பேன்? பயப்படுங்கள்! தாராளமாகப் பயப்படுங்கள்! நடுங்குங்கள்! நடுங்குகிற கை எங்கே இருக்க வேண்டும்? பொன்சோவுக்குள்ளே இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். குளிருகிறது. கையை உள்ளே வையுங்கள். தலைவரே, கேளுங்கள்.

கேட்டுவிட்டார்.

யாரும் இருமக்கூட இல்லை. பள்ளிக்கூடக் கொடி மட்டும் படபடக்கிறது. அங்கே ஒரு கை... நிக்கானோர்! பாவி! இல்லை, மூக்கைச் சொறிகிறான். அவன் மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடிக்குள் அழுத்திக்கொண்டாள். வாழ்க நீ, அம்மா! வேறு கை? சுவரோரம்? பின்னால்? 

இல்லை.

தோன் கசிமீரோ எழுந்துவிட்டார். தொப்பியைச் சரிசெய்கிறார். சிரிக்கிறார். குனிந்து என் காதில் என்னவோ சொல்கிறார். கொம்பாத்ரே, இந்த ஊரில் காதோடு பேசுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டோம். எல்லோருக்கும் சொல்கிறேன், பின்வரிசையும் கேளுங்கள். "காத்து பலமா அடிக்கும்போல கொம்பாத்ரே. பசீலியா வீட்டுக் கதவு லொடலொடன்னு இருக்கே, நல்லா சாத்திக்கச் சொல்லுங்க." இதுதான் அவர் சொன்னது. கேட்டீர்களா? இன்ஜினியர், நீங்களும் கேட்டீர்களா? 

வழி விடுங்கள், போகட்டும். அவரைத் தொடாதீர்கள். லாரி கிளம்புகிறது. கடவுளே, துணையாக யாரோடு போகப்போகிறாய், இன்றைக்காவது முடிவு செய்.

இப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை, பதிவு செய்துகொள்ளுங்கள். நான் ஒரு தங்கையின் வீட்டை ஊர்நடுவில் வைத்து விளக்கேற்றிக் காட்டிவிட்டேன். சரியா தப்பா, தெரியவில்லை. அதோ பேருந்தும் வந்துவிட்டது. மகளே, போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, போ என்று சொல்ல மனசு இல்லை.

சபினா, கூட்டம் முடியுமுன் நூல்கதிரைச் சுருட்டிக்கொண்டு எங்கே எழுந்துவிட்டாய்? என்ன? சத்தமாகச் சொல் தாயே.

"பசீலியா வீட்டுக்கு மாமா. கதவைச் சாத்தணும்னு சொல்லிட்டுப் போறாரே, உள்ள இருந்து சாத்த ஆள் வேணாமா?"

ஐயோ, பாருங்கள்! ஒருத்தி எழுந்தாள், பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், வட்டமே எழுந்துவிட்டது! உட்காருங்கள் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு பேருக்கு அந்த வீட்டில் இடம் ஏது? கூரைமேல் நாலு பேர், அடுப்புக்குள் ரெண்டு பேர், மீதி வாசலில்! எவாரிஸ்தோ, நீ கழிப்பறைப் பக்கம் நழுவாதே, உனக்கும் வாசலில் இடம் உண்டு. இன்ஜினியர், அந்தப் போர்வையோடு நீங்களும் வருகிறீர்கள். பயம் எப்படி இருக்கும் என்று அங்கே தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு லீமாவுக்குப் போய்ச் சொல்லலாம்.

பேருந்துக்காரர் ஒலி எழுப்புகிறார். படியில் எர்மெலிந்தா எழுந்து நிற்கிறாள். மூட்டையை மேலே கொடுக்கவில்லை. ஓட்டுநரிடம் என்னவோ சொல்கிறாள். அவர் தலையாட்டுகிறார். போகிறது பேருந்து. அவள் இல்லாமல் போகிறது.

தலைவருக்கு நன்றி. தாய்மார்களுக்கு, பெரியவர்களுக்கு, நாய்களுக்கு நன்றி. பயந்தபடியே கையைக் கட்டிக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும், பயந்தபடியே வாயைத் திறந்தவனின் வணக்கம். போதும், கிளம்புவோம். இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.